தாய்ப்பால் நன்றாக ஊற என்ன சாப்பிட வேண்டும்? ஏழாம் மாதத்தில் இருப்பவருக்கு ஒரு விரிவான பதில்

உங்களுக்கு ஏழாம் மாதம், முதல் குழந்தை. ஹீமோகுளோபின் 9.4 என்று வந்திருக்கிறது. அக்காவுக்குப் ‘பால் பத்தவில்லை’ என்று பத்தாம் நாளே பவுடர் பால் தொடங்கியதால், உங்களுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயம். இப்போதிருந்தே என்ன சாப்பிட்டால் பால் ஊறும், அம்மா சொல்லும் பத்தியத்தை அப்படியே பின்பற்றலாமா, ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்பும்போது என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சாப்பிடுவது உங்கள் ரத்தத்துக்கும் எலும்புக்கும் தெம்புக்கும். பால் ஊறுவது குழந்தை சப்புவதால். கடும் பட்டினியில் இருக்கும் தாயைத் தவிர மற்ற எல்லாருக்கும், எவ்வளவு பால் சுரக்கும் என்பதைச் சாப்பாட்டைவிடக் குழந்தை எத்தனை முறை, எப்படிக் குடிக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. அதனால் சாப்பாட்டை இன்றிலிருந்தே கவனியுங்கள். பாலைப் பற்றிய ஏற்பாடுகளைப் பிரசவத்தின் முதல் மணி நேரத்துக்கும் முதல் வாரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவசரமானது உங்கள் ரத்தம்தான். கர்ப்பத்தில் 11 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகை. 9.4 என்பது நடுத்தர ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. எல்லாருக்கும் இருப்பதாலேயே வீட்டில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், அது சரியல்ல. பிரசவத்தில் எல்லாருக்கும் கொஞ்சம் ரத்தம் போகும். 12 கிராம் இருப்பவர் தாங்கிக்கொள்ளும் போக்கை 8 கிராம் இருப்பவரால் தாங்க முடியாது. பிரசவத்துக்குப் பிறகு எழுந்து உட்காரவே முடியாத அசதியில் இருக்கும் தாய், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையைத் தூக்கிப் பால் கொடுப்பது எப்படி? பால் பத்தவில்லை என்று சொல்லப்படும் வீடுகள் பலவற்றில் உண்மையில் பத்தாமல் இருப்பது தாயின் ரத்தம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ரத்தசோகை இல்லாதவருக்கு நாளைக்கு ஒன்று. உங்கள் அளவில் இருப்பவருக்குப் பொதுவாக இரண்டு கொடுப்பார்கள். உங்களுக்கு எத்தனை என்பதை மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றதைத் தடுக்கும், குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம், பாலோடும் வேண்டாம். எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ கூட இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். மலம் கருப்பாகப் போவது இயல்பு, பயப்படாதீர்கள். குமட்டினால் இரவு சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்துப் போட்டுப் பாருங்கள். மலச்சிக்கல் வந்தால் கீரை, வாழைத்தண்டு, தண்ணீர். இதற்காக யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். நிறுத்துவதற்குப் பதில் சொல்லிவிடுங்கள், மாற்று வழி இருக்கிறது.

ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டால் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். அல்லது நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்ற வேண்டும். அரசு மருத்துவமனைகளிலேயே அது கிடைக்கிறது. உங்களிடம் இருப்பது ஏறக்குறைய மூன்று மாதம்தான், ஆகவே அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். குடற்புழு மாத்திரை கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். புழு இருந்தால் எத்தனை சத்து சாப்பிட்டாலும் ரத்தம் ஏறாது.

சாப்பாட்டில் இரும்பு என்றால் வீட்டில் பீட்ரூட்டும் மாதுளையும் வாங்கி வருவார்கள். சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பிக்கை. இரண்டுமே நல்ல உணவுதான், ஆனால் இரும்பு குறைவு. அசைவம் சாப்பிடுபவர் என்றால் நம் ஊரில் காலங்காலமாகச் சொல்லும் ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், உண்மையிலேயே நல்ல வழி. அதில் உள்ள இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும். நன்றாக வேக வையுங்கள். ஈரலை மட்டும் அளவோடு வையுங்கள், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பத்தில் அளவு மீறக் கூடாது. சைவம் என்றால் முருங்கைக்கீரை, சிறுகீரை, காராமணி, கொள்ளு, கம்பு, எள். கூடவே எலுமிச்சை பிழிவதை மறக்காதீர்கள். பால், முட்டை, மீன் எதுவுமே தொடாதவர் என்றால் வைட்டமின் பி12 பற்றி மருத்துவரிடம் கேட்பது அவசியம். தாய்க்கு அது குறைந்தால் பாலிலும் குறையும், குழந்தையின் நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கும்.

‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்று சோற்றை இரட்டிப்பாக்குவார்கள். உண்மையில் இந்த மாதங்களில் கூடுதலாக வேண்டியது நாளைக்குச் சுமார் 350 கலோரிதான். ஒரு டம்ளர் பால், ஒரு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் அது வந்துவிடும். கூட வேண்டியது சோறு அல்ல, புரதம். கடைசி மூன்று மாதத்தில் வழக்கத்தைவிட நாளைக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் தேவைப்படுகிறது. நம் தட்டில் ஒரு மலைச் சோறும் ஓரத்தில் இரண்டு கரண்டி நீர்த்த சாம்பாரும் என்றிருப்பதால், புரதம்தான் எப்போதும் குறைகிறது. பருப்பைக் கெட்டியாக வையுங்கள், மாலையில் சுண்டல், தினமும் தயிர், முடிந்தால் முட்டை, வாரம் இரண்டு மூன்று நாள் மீன். நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்கள் விலையும் குறைவு, சத்தும் அதிகம். கேழ்வரகை விட்டுவிடாதீர்கள், 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து உள்ள தானியம் அது.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்குங்கள். வாங்கி வந்து மாட்டுக்குக் கொடுத்துவிடும் வீடுகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். கொழுக்கட்டையாகவோ அடையாகவோ செய்தால் சுவையாகவே இருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய்ப் பயன் உண்டு, அதில் 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 19 வயது நிறைந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கும். உங்கள் குடும்பம் இதில் வருமா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்து பிக்மி எண் (PICME) வாங்கியாக வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்பார்கள். ஒரு எச்சரிக்கை: பெட்டகத்தில் பேரீச்சம்பழம் இருக்கும், சத்துமாவில் வெல்லம் சேர்ந்திருக்கும். கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பவர் அளவு கேட்டுச் சாப்பிட வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அந்தப் பரிசோதனை உங்களுக்கு ஆகிவிட்டதா? 140-ஐ எட்டினாலோ தாண்டினாலோ சர்க்கரை இருக்கிறது என்று கணக்கு. 24 முதல் 28 வாரத்துக்குள் கட்டாயம் செய்ய வேண்டியது.

இனி பால்.

முன்பு சொன்ன 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டைப் பற்றி என்னை மிகவும் யோசிக்க வைத்த எண்கள் இவை. 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைப்பது 60 விழுக்காடு குழந்தைகளுக்குத்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் நாடு முழுவதும் ஏறக்குறைய 64 விழுக்காடு, தமிழ்நாட்டில் 55. மருத்துவர் பக்கத்தில் இருந்தும் இப்படி ஆவதற்கு ஒரு பெரிய காரணம் சிசேரியன், இங்கே பிரசவங்களில் 45 விழுக்காடு. தாயை ஒரு அறையில், குழந்தையை இன்னொரு அறையில் வைத்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் ஒரு பாட்டில் நுழைந்துவிடுகிறது.

முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள். குழந்தை நன்றாக இருந்தால் மேசையிலேயே உங்கள் நெஞ்சில் போட முடியும். வார்டுக்கு வந்ததும் படுத்தபடியே பால் கொடுக்க முடியும். இதை வலி வந்த பிறகு பேச முடியாது. அடுத்த செக்கப்பிலேயே கேளுங்கள்: “பிறந்ததும் குழந்தையை என் மேல் போடுவீர்களா? ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க யார் உதவுவார்கள்? என்னைக் கேட்காமல் பவுடர் பால் கொடுக்க மாட்டீர்கள்தானே?” தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்து வெட்டுவார்களா என்றும் கேளுங்கள். அந்த நிமிடங்களில் குழந்தைக்குப் போகும் ரத்தம், பின்னால் அதற்கு ரத்தசோகை வராமல் காக்கும். உங்கள் நிலையில் இது இன்னும் முக்கியம்.

வீட்டிலிருந்து வரும் பெரியவர்கள் சேனை வைக்க, அதாவது குழந்தையின் நாவில் முதல் இனிப்பைத் தொட்டு வைக்க நினைக்கலாம். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப்பாலோ எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நரம்பையே செயலிழக்கச் செய்யும். தாத்தாவின் ஆசைக்காகத்தான் செய்கிறார்கள், அதனால் சண்டை வேண்டாம். குழந்தையின் உள்ளங்கையைப் பிடித்து ஆசி சொல்லச் சொல்லுங்கள், நாவில் விழும் முதல் சொட்டு உங்கள் சீம்பாலாக இருக்கட்டும். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, மிகக் கொஞ்சமாக வரும். பிறந்த குழந்தையின் முதல் நாள் வயிறு ஒரு வேளைக்குச் சில மில்லி மட்டுமே கொள்ளும். ஆகவே அந்தக் கொஞ்சமே போதும்.

இரண்டாம் நாள் இரவுதான் பெரும்பாலான வீடுகள் தோற்றுப்போகும் இடம். குழந்தை விடாமல் அழும், மார்பை விட்டால் அழும், மீண்டும் வைத்தால் குடிக்கும். சுற்றி இருப்பவர்கள் “பால் இல்ல, பசியில கத்துது” என்று சொல்லத் தொடங்குவார்கள். பால் நிறைய இறங்குவது இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள், சிசேரியனில் சற்றுத் தாமதமாகலாம். அந்த இரவில் குழந்தை அடிக்கடி சப்புவதுதான் மூளைக்குப் போகும் செய்தி. சப்பச் சப்பப் புரோலாக்டின் சுரந்து பால் உருவாகிறது, ஆக்சிடோசின் சுரந்து பால் இறங்குகிறது. ஊற்றுக்கிணறு மாதிரி, இறைக்க இறைக்கத்தான் ஊறும். அங்கே ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுத்தால் குழந்தை நான்கு மணி நேரம் தூங்கும், அந்த நான்கு மணி நேரமும் மார்புக்குச் செய்தி போகாது. மறுநாள் பால் இன்னும் குறையும். உங்கள் அக்காவுக்கும் இப்படித்தான் ஆகியிருக்கக்கூடும். அவர் உடம்பில் குறை இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதை அவரிடம் சொல்லுங்கள், பல பெண்கள் வருஷக்கணக்கில் அந்தப் பழியைத் தங்கள் மேல் சுமக்கிறார்கள்.

பால் போதுமா என்று பார்க்க அழுகையை நம்பாதீர்கள். மார்பு மெத்தென்று இருப்பதையும் நம்பாதீர்கள், சில வாரம் கழித்து எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும். சிறுநீரைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது வெளிர் நிறத்தில் போக வேண்டும். கருப்பு மலம் நான்கைந்து நாளில் மஞ்சளாக மாற வேண்டும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அதன் பிறகு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் உங்கள் பால் போதும். யார் என்ன சொன்னாலும் போதும்.

வலி இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். காம்பை மட்டும் கவ்விச் சப்பினால் உங்களுக்குப் புண்ணாகும், குழந்தைக்குப் பாலும் வராது. வாய் அகலமாகத் திறக்கும் வரை காத்திருந்து, குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், தாடை மார்பில் பட வேண்டும். விழுங்கும் சத்தம் கேட்கும். சரியாக வரவில்லை என்றால் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் செவிலியரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் வெட்கம் எதற்கு? நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை செய்யப்போகும் வேலை. பால் கட்டிக்கொண்டால் அடிக்கடி குடிக்க வைத்து, மிச்சத்தைக் கையால் பீய்ச்சி எடுங்கள், பிறகு ஈரத்துணி ஒத்தடம். மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது பாலை வற்றவைக்கச் செய்வது. காய்ச்சலும் மார்பில் சிவந்த கட்டியும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள், அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

பத்தியத்தைப் பற்றி. அம்மா சொல்வதில் பாதி நல்ல அறிவு, அதை மதியுங்கள். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, எள் உருண்டை, எளிதில் செரிக்கும் சூடான சாப்பாடு, நாற்பது நாள் ஓய்வு, எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுதல், இவை எல்லாம் இருக்கட்டும். பூண்டும் கீரையும் பாலைப் பெருக்குமா என்பதற்கு வலுவான சான்று இல்லை, ஆனாலும் சாப்பிட வேண்டிய உணவுகள்தான். பால்சுறாப் புட்டு எப்போதாவது போதும், பெரிய சுறாக்களில் பாதரசம் சேரும். கருவாடு ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

விட வேண்டியதும் உண்டு. “தண்ணி குடிச்சா வயிறு போடும்” என்று தண்ணீரைக் குறைப்பது முதல் தவறு. தாகம் எடுக்கும் போதெல்லாம் குடியுங்கள், பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். ‘பருப்பு சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும்’ என்பது அடுத்தது. காயம் ஆறுவதற்கே புரதம்தான் வேண்டும், அதை நிறுத்தினால் எப்படி ஆறும்? பழம் சாப்பிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பதும் இல்லை. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் உங்களுக்கு நாளைக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும், கர்ப்பத்தில் தேவைப்பட்டதைவிட அதிகம். அந்த நேரம் பார்த்து ரசஞ்சோறும் இட்லியும் மட்டும் போட்டுப் பெண்ணை மெலிய வைப்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகளும் பிரசவத்துக்குப் பிறகு இன்னும் ஆறு மாதம், அதாவது 180 நாள், தொடர வேண்டும். குழந்தை பிறந்ததும் பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தண்ணீர், கிரைப் வாட்டர், உரைமருந்து எதுவும் வேண்டாம். கத்திரி வெயிலில்கூடத் தாய்ப்பாலில் உள்ள நீர் போதும்.

பவுடர் பால் விஷம் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு குறைபாடு, பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கிவிடுதல், மார்பில் முன்பு நடந்த அறுவை போன்ற காரணங்களால் சிலருக்கு உண்மையிலேயே பால் குறையும். குழந்தையின் எடை 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலோ ரத்தச் சர்க்கரை இறங்கினாலோ மருத்துவர் சொல்வதைத் தயங்காமல் கேளுங்கள். அப்போதும் பாட்டிலை விட்டுப் பாலாடையிலோ சங்கிலோ புகட்டுங்கள், கூடவே மார்பையும் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆனால் காரணம் சொல்லாமல் டப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தால் “ஏன்?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவையும் பாட்டிலையும் விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் தடை செய்திருக்கின்றன. இலவச மாதிரி கொடுப்பதும் அதில் அடங்கும்.

உங்கள் கணவரிடமும் அம்மாவிடமும் இதைப் படிக்கச் சொல்லுங்கள். பால் கொடுப்பது மட்டும்தான் உங்களால் மட்டுமே முடிந்த வேலை. ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, இரவில் குழந்தையைத் தூக்கி வந்து தருவது, வருகிறவர்களைச் சீக்கிரம் அனுப்பிவைப்பது எல்லாம் மற்றவர்களால் முடியும். முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கு நடக்கும், தானே சரியாகும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றோ வாழவே வேண்டாம் என்றோ தோன்றினால், காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்தாலும் பேசலாம். “உடம்பு திமிரு” என்று சொல்லும் வாயை வீட்டில் ஒருவர் அடைக்க வேண்டும், அது உங்கள் கணவராக இருக்கட்டும்.

வேலைக்குத் திரும்புவது பற்றி. மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு, அதில் அதிகபட்சம் 8 வாரம் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். முடிந்தவரை பிந்தைய நாட்களுக்கு மிச்சம் வையுங்கள். நீங்கள் திரும்பும் சமயத்தில் குழந்தைக்குக் கூழும் மசித்த பருப்புச் சாதமும் தொடங்கும் வயது நெருங்கியிருக்கும், ஆகவே பகலில் பாலையே முழுதாக நம்பியிருக்காது. காலையில் கிளம்பும் முன்பும் திரும்பி வந்ததும் இரவிலும் நேரடியாகக் கொடுங்கள். திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கையால் பீய்ச்சி எடுத்துப் பழகுங்கள். மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவைக் கொதிநீரில் சுத்தம் செய்து அதில் எடுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே அதிக நேரம் வைக்காமல் ஃப்ரிட்ஜின் உட்புறத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம். மின்வெட்டு இருக்கும் ஊர் என்றால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். அடுப்பில் காய்ச்சாமல், டப்பாவைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திச் சூடாக்க வேண்டும்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பால் கொடுப்பதற்கென்று நாளைக்கு இரண்டு இடைவேளை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். பல நிறுவனங்களில் கேட்கும் வரை யாரும் இதைச் சொல்வதில்லை. விடுப்பு விண்ணப்பம் கொடுக்கும்போதே பால் எடுக்கக் கதவு பூட்டும் ஒரு அறையும், வைக்க ஃப்ரிட்ஜில் ஒரு தட்டும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.